ஆர்.சி.யில் இரண்டு எழுத்து: எச்.பி.யின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன ரெண்டு வாரமா எபிசோடு வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் ரொம்ப சாதாரணம். நான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்தேன். இல்லைன்னா ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியோட கஸ்டமர் கேர் லைன்ல ஹோல்டுல இருந்தேன். நாலு மாசமா இதுதான் என் ரெண்டாவது வேலை. அங்க உட்கார்ந்திருந்தப்ப தோணின ஒரு கேள்விதான் இன்னைக்கு எபிசோடு.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். நான் வாழ்க்கையில் வாங்கிய முதல் கார், ஒரு செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக். 2016 மாடல். விற்றவர் முடிச்சூரில் இருக்கும் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவரை இனி சார் என்றே சொல்கிறேன். கார் சுத்தமாக இருந்தது. மெக்கானிக்கைக் கூட்டிப்போய் காட்டினேன், என்ஜின் பிரமாதம் என்றார். சர்வீஸ் ரெக்கார்டு, டயர், கிளட்ச் எல்லாம் பார்த்தேன். ஆஃபீஸில் ஒரு லைன் கோடு மாற்றினாலும் ரெண்டு பேர் ரிவ்யூ செய்யாமல் விடமாட்டோம். அந்த நான், ஆர்.சி.யின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. முழுப் பணத்தையும் கொடுத்து, படிவம் 29லயும் 30லயும் கையெழுத்து வாங்கி, சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெயர் மாற்ற ஆன்லைனில் போனால் விண்ணப்பம் நகரவில்லை. ஆர்.சி.யில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கிறது. அதாவது எச்.பி. இன்னும் நீக்கப்படவில்லை. சாருக்கு போன் செய்தேன்.

"தம்பி, 2019லேயே கடைசி டியூ வரைக்கும் கட்டிட்டேனே! என்.ஓ.சி.யும் குடுத்தாங்களே!"

"அது எங்க சார் இருக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "2023 மிக்ஜாம் மழையில கீழ் அலமாரி முழுக்க தண்ணி தம்பி. அதுல போயிடுச்சு."

ஆக, நான் ஓட்டும் கார். அரசாங்கப் பதிவில் சார் பெயர். அதன்மேல் பாத்தியதை, கடனே இல்லாத ஒரு கம்பெனிக்கு. நம்ம வேலையில் இதுக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு ப்ராசஸ் லாக் எடுக்கும், வேலையை முடிக்கும், ஆனால் லாக்கை ரிலீஸ் செய்யாமல் போய்விடும். அப்புறம் யார் வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு வந்த கேள்வி இது: இந்த லாக்கை யார் டிசைன் செய்தது? ஏன் அது தானாகத் திறப்பதில்லை?

பியானோவில் தொடங்கியது

பதிலுக்கு 1890களின் இங்கிலாந்துக்குப் போகணும். அங்க விஷயம் கார் இல்லை, பியானோ.

ஹெல்பி என்ற பியானோ வியாபாரி, ப்ரூஸ்டர் என்பவருக்கு ஒரு பியானோ கொடுத்தார். ஒப்பந்தம் 36 மாதத் தவணை. கவனிங்க, 36 மாதம்! இன்னைக்கு நீங்க பார்க்கிற அதே எண். எல்லாத் தவணையும் கட்டினால் பியானோ ப்ரூஸ்டருக்குச் சொந்தம். அதுவரை அது வாடகைப் பொருள். எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். ப்ரூஸ்டர் சில மாதங்களிலேயே பியானோவைக் கொண்டுபோய் மேத்யூஸ் என்ற அடகுக்காரரிடம் வைத்துவிட்டார்.

ஹெல்பி என் பியானோவைக் கொடு என்றார். மேத்யூஸோ, நான் நல்லெண்ணத்தில் அடகு பிடித்தேன், தரமாட்டேன் என்றார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1895இல் தீர்ப்பு. ப்ரூஸ்டர் பியானோவை வாங்க ஒப்புக்கொண்டவரே அல்ல, வாடகைக்கு எடுத்தவர். வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு மட்டுமே அவருக்கு இருந்தது. ஆகவே பியானோ ஹெல்பிக்கே சொந்தம்.

இந்தத் தீர்ப்பு கடன் கொடுப்பவர்களுக்கு ஒரு கோட்டையைக் கட்டிக் கொடுத்தது. பொருள் உன் வீட்டில் இருக்கலாம், உன் கையில் இருக்கலாம், 35 தவணை நீ கட்டியிருக்கலாம். ஆனாலும் கடைசித் தவணை வரை அது என் பொருள். இதுதான் ஹயர் பர்சேஸ். நம்ம ஆர்.சி.யில் இருக்கும் எச்.பி. இங்கிருந்துதான் வருகிறது. அந்தச் சட்டச் சிந்தனை அப்படியே கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது.

ஆனால் பியானோவுக்குச் சக்கரம் கிடையாது. கார் ஒரே ராத்திரியில் ஊர் மாறும், கை மாறும், விபத்தில் நொறுங்கும். அடகுக்காரருக்கு வந்த சந்தேகம் காரில் பல மடங்கு. அதனால்தான் பின்னாளில், யாருக்குப் பாத்தியதை என்பதை வீட்டுப் பத்திரத்தில் மட்டும் வைக்காமல் வண்டியின் பதிவுச் சான்றிதழிலேயே எழுதும் முறை வந்தது. யார் வாங்கினாலும், எங்கே ஓட்டினாலும், அந்த எழுத்து கூடவே போகும்.

ஃபோர்டு சொன்ன வழி

அமெரிக்காவில் இந்த யோசனைதான் கார் சந்தையையே புரட்டிப் போட்டது. ஹென்றி ஃபோர்டுக்குக் கடன் பிடிக்காது. விலையைக் குறைத்துக்கொண்டே போனால் போதும் என்று நம்பினார். குறைக்கவும் செய்தார். 1908இல் 850 டாலரில் தொடங்கிய மாடல் டி, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது.

எதிரணியான ஜெனரல் மோட்டார்ஸ் வேறு பக்கம் யோசித்தது. விலை இருக்கட்டும், வாங்குபவர் ஒரே நாளில் முழுப் பணத்தைக் கொண்டுவர முடியாததுதானே பிரச்சினை? 1919இல் காருக்குக் கடன் தருவதற்கென்றே ஜி.எம்.ஏ.சி. என்ற கம்பெனியை ஆரம்பித்தது. கொஞ்சம் முன்பணம், காரை எடுத்துட்டுப் போ, மீதியை மாதா மாதம் கட்டு.

ஃபோர்டு 1923இல் பதில் கொடுத்தார். வாரம் 5 டாலர் கட்டுங்க. டீலர் அதை வங்கியில் போட்டு வைப்பார். முழு விலையும் சேர்ந்ததும் கார் உங்களுக்கு. நம்ம ஊர் நகைச் சீட்டு மாதிரிதான். ஒழுக்கமான திட்டம், ஆனால் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கே கார் ஓட்டிக்கொண்டு தவணை கட்டும்போது, யார் நடந்துகொண்டே தவணை கட்டுவார்கள்? 1927இல் மாடல் டி உற்பத்தி நின்றது. 1928இல் ஃபோர்டும் ஒரு கடன் கம்பெனியை ஆரம்பிக்க வேண்டி வந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ரெண்டுமே தவணைத் திட்டம்தான். யார் யாரை நம்புகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். ஜி.எம்.ஏ.சி.யில் கம்பெனி வாங்குபவரை நம்பி வண்டியை முன்னால் கொடுத்தது. ஃபோர்டில் வாங்குபவர் கம்பெனியை நம்பிப் பணத்தை முன்னால் கொடுக்கணும். இதை மனசுல வச்சுக்கோங்க. இந்தியாவில் 60 வருஷம் கழித்து இதே ஃபோர்டு திட்டம் மாதிரி ஒண்ணு சக்கைப் போடு போட்டது.

காசு இருக்கு, கார் இல்லை

சார் வீட்டுக்குப் போறப்ப ஒவ்வொரு தடவையும் பெருங்களத்தூரைத் தாண்டித்தான் போவேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்று ஐ.டி. ஆஃபீஸ்கள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது தெரியுமா? ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். 1948இல் தொடங்கிய கம்பெனி. 1961இல் இருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற அழகான சின்ன கார் இங்கிருந்து வந்தது. 1980களின் கடைசியில் தொழிற்சாலை மூடப்பட்டது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் என்றால் மூன்றே பெயர்தான். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. 1950களின் தொடக்கத்தில் அரசு எடுத்த முடிவு: வெறும் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பவர்களுக்கு இங்கே இடமில்லை, உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன. எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதற்கு லைசென்ஸ். யாருக்கு எப்படி விற்கலாம் என்பதற்கு 1959இல் தனியாக ஒரு கட்டுப்பாட்டு ஆணை. விலைக்கும் கட்டுப்பாடு வந்து, அந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது.

விளைவு, பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பு. ரோட்டில் ஓடிய பழைய கார், ஷோரூம் விலையைவிட அதிகத்துக்கு விற்ற விசித்திரமும் நடந்தது. கையில் காரே கிடைக்காத ஊரில் கார் லோனுக்கு என்ன வேலை? தட்டுப்பாடு பணத்துக்கு இல்லை, வண்டிக்கு.

இதன் உச்சம் மாருதி. 1983 ஏப்ரலில் புக்கிங் திறந்தார்கள். முன்பணம் 10,000 ரூபாய். சுமார் இரண்டு மாதத்தில் 1.35 லட்சம் பேர் கட்டினார்கள். அந்தப் பணம் அன்றைய நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. காரின் விலையே 50,000 ரூபாய்க்குப் பக்கத்தில்தான். இன்னும் ஒரு கார்கூட வெளியே வரவில்லை! அந்த வருடம் டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அதை வாங்கிய ஹர்பால் சிங், குலுக்கலில் தேர்வானவர். முன்னால் பணம், பின்னால் கார். ஃபோர்டு தோற்ற அதே வழி இங்கே ஜெயித்தது. ஏன்னா இங்க பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயும் கார் இல்லை.

மெட்ராஸ், 1954

ஆனால் அதே காலத்தில் தவணையில் ஓடிய ஓர் உலகமும் இருந்தது. அது லாரிகளின் உலகம். நான் கார் கதை சொல்ல வந்துட்டு லாரிக்குத் தாவறதுக்குக் காரணம் இருக்கு. இன்று நம்ம கார் லோனில் இருக்கும் வார்த்தைகள், பழக்கங்கள், பயங்கள் எல்லாமே லாரியிலிருந்து வந்தவை.

1950களில் வங்கிகள் பெரும்பாலும் ஆலைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் கடன் கொடுத்தன. ஒரு லாரி வாங்கி ஓட்ட நினைக்கும் டிரைவர் வங்கி வாசலில் என்ன சொல்வார்? ஈடாக நிலம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. அவரிடம் இருப்பது, இனிமேல் வாங்கப்போகும் லாரி மட்டும்தான். அந்த லாரியையே ஈடாக வைத்தால்? பியானோ வழக்கின் தர்க்கம் இங்கே கச்சிதமாகப் பொருந்தியது. லாரி கம்பெனிக்குச் சொந்தம், ஓட்டிச் சம்பாதிப்பது நீ, கட்டி முடித்தால் உனது.

1954இல் மெட்ராஸில் டி.எஸ்.சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். அவர் டி.வி.எஸ். நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகன். பஸ் ஓட்டியும் வண்டி விற்றும் வளர்ந்த குடும்பம். ஒரு லாரி மாதம் எவ்வளவு சம்பாதிக்கும், எப்போது படுத்துவிடும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. 1974இல் ஆர்.தியாகராஜன் சீட்டு நிறுவனமாக ஸ்ரீராமைத் தொடங்கினார். 1979இல் ஆரம்பித்த அவர்களது டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் நிறுவனம் பழைய லாரி வாங்குபவர்களுக்குக் கடன் கொடுத்தே பெரிதாக வளர்ந்தது. புது லாரிக்கே தயங்கிய காலத்தில், பல வருஷம் ஓடிய லாரிக்கு, வங்கிக் கணக்கே இல்லாத டிரைவருக்கு! சிபில் ஸ்கோர் இல்லாத காலம் அது. ஊரில் விசாரிப்பார்கள், ஜாமீன்தாரரைப் பார்ப்பார்கள், கொடுப்பார்கள்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஓட்டுநராக இருந்தவர்கள் ஓனர் ஆன கதை எல்லாம் இந்தத் தவணையில் எழுதப்பட்டதுதான். என் பெரியப்பாவும் அதில் ஒருத்தர்.

டிராயரில் தூங்கிய சட்டம்

பெரியப்பா சங்ககிரியில் கிளீனராக வேலைக்குச் சேர்ந்து, டிரைவராகி, 1991இல் ஒரு பழைய லாரியை எச்.பி.யில் எடுத்தார். 36 டியூ. 27 கட்டிவிட்டார். அப்புறம் என்ஜின் வேலை வந்து மூணு மாசம் வண்டி நின்றது. மூணு டியூ நின்றது. வண்டி ரெடியாகி முதல் லோடு ஏற்றிக்கொண்டு ஓமலூர் தாண்டும்போது நாலு பேர் வழிமறித்து டிரைவரை இறக்கிவிட்டு, லோடோடு வண்டியைத் தூக்கிவிட்டார்கள். நம்ம ஊர் வார்த்தையில், சீசிங்.

"27 டியூ கட்டியிருந்தேன் கண்ணு. நாலுல மூணு பங்கு. ஆனாலும் வண்டி அவனோடதுதான்னு சொல்லிட்டான். லோடுக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று இப்போதும் சொல்வார். பெரியம்மா நகையை வைத்துத்தான் வண்டியை மீட்டார்கள்.

இதற்கு ஒரு சட்டம் இல்லையா என்று தேடினேன். இருந்தது! அதுதான் எனக்கு அதிர்ச்சி. 1972இல் நாடாளுமன்றம் ஹயர் பர்சேஸ் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. விலையில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் கட்டிவிட்டால், நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் பொருளைத் திரும்ப எடுக்க முடியும் என்பது போன்ற பாதுகாப்புகள் அதில் இருந்தன. ஆனால் அந்தச் சட்டம் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. 2005இல் ரத்து செய்துவிட்டார்கள். 33 வருஷம் மெயின் பிராஞ்சில் மெர்ஜ் ஆகாமலே கிடந்து, கடைசியில் டெலீட் ஆன கோடு மாதிரி.

அந்த 33 வருஷத்தில் கடன் வாங்கியவரைக் காத்தது என்ன? ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகள்தான். அதில் பலர் தேதி போடாத, பூர்த்தி செய்யாத படிவங்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஹயர் பர்சேஸில் தவணை தவறிய வண்டியை உரிமையாளரான ஃபைனான்ஸ்காரர் எடுத்துக்கொள்வது திருட்டு ஆகாது என்று 2001இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சட்டப்படி அது சரிதான். தன் பொருளை ஒருவர் எப்படித் திருட முடியும்? ஆனால் எடுக்கும் முறை? 2007இல் ஒரு லாரிக் கடன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடியாட்களை வைத்து வசூல் செய்வதையும் வண்டியைப் பறிப்பதையும் கடுமையாகக் கண்டித்தது. அடுத்த வருடம் ரிசர்வ் வங்கி வசூல் ஏஜெண்டுகளுக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையா சொல்லணும். அந்த ஃபைனான்ஸ் இல்லைன்னா பெரியப்பா கடைசி வரைக்கும் டிரைவர்தான். அவரே அதைச் சொல்வார். வண்டியைத் தூக்கியவர்கள் மேல் கோபம் உண்டு, கடன் கொடுத்தவர்கள் மேல் கிடையாது. அடுத்த லாரியும் எச்.பி.தான்.

பெயர் மாறியது, எழுத்து மாறவில்லை

1990களில் கதவு திறந்தது. 1993இல் கார் தயாரிப்புக்கான லைசென்ஸ் முறை போனது. நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலை நகருக்கு ஃபோர்டு திரும்பி வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் வந்தது, 1998இல் சான்ட்ரோ வந்தது. இப்போது வண்டி தாராளம், தட்டுப்பாடு பணத்துக்கு. உடனே லாரி உலகத்தின் தவணை முறை கார் ஷோரூமுக்குள் நுழைந்தது. கார் விற்பவர் மேசைக்குப் பக்கத்திலேயே லோன்காரர் மேசை.

ஆனால் சட்ட வடிவம் மாறிக்கொண்டிருந்தது. 1982இன் 46ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஹயர் பர்சேஸில் பொருளைக் கொடுப்பதையும் விற்பனையாகக் கருதி வரி போட வழி பிறந்தது. வங்கிகளுக்கும் வண்டிக்கு உரிமையாளராக இருப்பதைவிடக் கடன் கொடுத்தவராக இருப்பதே வசதி. அதனால் கார் லோன் ஹைப்பாதிகேஷன் வழிக்கு வந்தது. வித்தியாசம் இதுதான். ஹயர் பர்சேஸில் வண்டி கம்பெனிக்குச் சொந்தம், நீங்கள் வாடகைக்காரர். ஹைப்பாதிகேஷனில் வண்டி உங்களுக்கே சொந்தம், அதன்மேல் கம்பெனிக்குப் பாத்தியதை.

ரெண்டையும் சுருக்கினால் எச்.பி.தான்! அதனால் பேச்சில் எதுவும் மாறவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவும் ஹயர் பர்சேஸ், லீஸ், ஹைப்பாதிகேஷன் மூன்றையும் ஒரே வரிசையில்தான் வைக்கிறது. பதிவில் ஃபைனான்ஸ்காரர் பெயர் இருக்கும்வரை, அவர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் பெயர் மாற்ற முடியாது. கடன் முடிந்தால், முடிந்ததற்கான ஆதாரத்தோடு விண்ணப்பிக்கணும். அதுதான் படிவம் 35. வண்டிக்காரர், ஃபைனான்ஸ்காரர் இருவரும் கையெழுத்துப் போடணும்.

என் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. கடைசி டியூ கட்டியதும் கடன் முடிகிறது. ஆனால் பதிவு முடிவதில்லை. அது தனி வேலை. யாராவது போய்ச் செய்யணும். டியூ கட்டத் தவறினால் ஞாபகப்படுத்த பத்து போன் வரும். எச்.பி. நீக்கத் தவறினால் ஞாபகப்படுத்த ஒரு போன் வராது. ஏன்னா லாக்கைப் போட்டவருக்கு அதைத் திறப்பதில் லாபம் எதுவும் இல்லை.

லாரி உலகத்திலிருந்து வந்த இன்னொரு சொத்து, ஃப்ளாட் ரேட். செகண்ட் ஹேண்ட் கார் லோனில் இன்னும் கேட்பீங்க. 4 லட்சம் கடன், 3 வருஷம், 8 சதவீதம் ஃப்ளாட் என்பார்கள். வட்டி 96,000. மொத்தம் 4,96,000. 36ஆல் வகுத்தால் மாதம் 13,778 ரூபாய். டைரியில் பேனாவால் போடும் கணக்கு. ஆனால் நீங்கள் அசலை மாதா மாதம் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டியோ கடைசி வரை 4 லட்சத்துக்கும். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் அது சுமார் 14.5 சதவீதம். ரெண்டு இடத்தில் விசாரிக்கும்போது ரெண்டும் ஒரே வகை வட்டியா என்று கேளுங்க.

யார் பேரில் இருக்கு?

இப்போ மறுபடியும் என் கார். ரெண்டாவது மாசம் ஒரு ராத்திரி சார் போன் செய்தார். மணி பத்தரை.

"தம்பி, வண்டி எங்க இருக்கு?"

"வீட்லதான் சார். ஏன்?"

"ஒண்ணுமில்ல. டிவில ஒரு ஆக்சிடென்ட் காட்டினான். வெள்ளை வண்டி. நம்பர் தெரியல. அதான்."

அவர் பயத்துக்கு அர்த்தம் இருக்கு. 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒருத்தர் காரை விற்கிறார். வாங்கியவர் இன்னொருவருக்கு, அவர் இன்னொருவருக்கு. யாரும் ஆர்.சி.யில் பெயர் மாற்றவில்லை. 2009இல் விபத்து. இழப்பீடு யார் தரணும்? பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். விபத்தில் அடிபட்டவர் ஒவ்வொரு கைமாற்றத்தையும் தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்பதுதான் அதன் நியாயம். அந்த நியாயம் சரியானது. ஆனால் அதன் எடை, வண்டியை விற்று வருஷக்கணக்கானவர் தலையில் விழும்.

இன்சூரன்ஸ் இருக்கே என்பீர்கள். வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு வரும். ஆனால் சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடு, பாலிசியில் பெயர் மாற்றாமல் தானாக வராது. எச்.பி. உள்ள வண்டி முழுசா நாசமானால், காப்பீட்டுப் பணத்தில் முதல் உரிமை ஃபைனான்ஸ்காரருக்கு. என் விஷயத்தில் அப்படி நடந்திருந்தால், கடனே இல்லாத கம்பெனிக்கும் கார் இல்லாத சாருக்கும் நடுவில் நான் நின்றிருப்பேன்.

அந்தப் போனுக்கு அப்புறம் நான் காரை எடுக்கவில்லை. கவர் போட்டு நிறுத்திவிட்டேன். இரவு பத்தரை மணிக்கு ஒரு எழுபது வயதுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்து நம்பர் பிளேட் தேடுவதற்குக் காரணம் நான்தான். அவர் படிவத்தில் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், நான் அவசரப்பட்டேன்.

ரசீது

ஃபைனான்ஸ் கம்பெனி இதற்குள் வேறொரு கம்பெனியோடு சேர்ந்துவிட்டிருந்தது. பழைய பிராஞ்ச் இருந்த இடத்தில் இப்போ ஒரு பிரியாணிக் கடை. கஸ்டமர் கேரில் லோன் நம்பர் கேட்டார்கள். சாரிடம் இல்லை. இல்லாமல் தேட முடியாது என்றார்கள். மூணு மாசம் இதே வட்டம்.

பெரியப்பாவிடம் புலம்பினேன். சிரித்தார். பீரோவிலிருந்து ஒரு தகரப்பெட்டியை எடுத்து வந்தார். அவர் எடுத்த ஒவ்வொரு லாரிக்கும் டியூ அட்டை, கடைசி ரசீது, என்.ஓ.சி., எச்.பி. நீக்கிய ஆர்.சி. நகல். நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். 1991 லாரியினுடையதும் இருந்தது.

"கட்டுன ரசீது பெருசில்ல கண்ணு. விட்டுட்டேன்னு அவன் எழுதிக் குடுத்தது இருக்குது பாரு, அதுதான் பெருசு. ஒருக்கா வண்டி போனவனுக்குத்தான் அது தெரியும்."

அவர்தான் வழியும் சொன்னார். "பேங்க் பாஸ்புக்குல டியூ போன வரி இருக்குமில்ல? அதுல லோன் நம்பர் இருக்கும்." இருந்தது! சார் வங்கிக்குப் போய் 2019 வரையிலான ஸ்டேட்மெண்ட் வாங்கினோம். ஒவ்வொரு மாத வரியிலும் லோன் நம்பர். அதை வைத்து எழுத்துமூலம் புகார் கொடுத்து, டூப்ளிகேட் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35ம் வாங்கினோம். போன வாரம் எச்.பி. நீங்கியது. நேற்று கார் என் பெயருக்கு வந்தது. சாருக்கு ஆர்.சி. படத்தை அனுப்பினேன். "இனிமே தூங்குவேன் தம்பி" என்று வாய்ஸ் நோட் வந்தது.

130 வருஷத்துக்கு முன்னால் ஒரு பியானோவுக்காக யோசித்த ஏற்பாடு, நிலமில்லாத டிரைவரை லாரி ஓனர் ஆக்கியது, நம்மை மாதிரி ஆட்களைக் கார் ஓனர் ஆக்கியது. ஆனால் அந்த ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே கொடுத்தவரைக் காப்பதற்காக எழுதப்பட்டது. நம்மைக் காக்கும் பகுதியை நாமேதான் நடந்துபோய் முடிக்கணும்.

அதனால் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறவங்க, மெக்கானிக்குக்கு முன்னாடி ஆர்.சி.யைத் திருப்பிப் பாருங்க. பரிவாகன் தளத்தில் எச்.பி. இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால், அது நீங்கும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீங்க. விற்பவராக இருந்தால், மாநிலத்துக்குள் விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்க, வாங்கியவருக்கு 30 நாள். இன்சூரன்ஸ் பெயரையும் 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பியுங்க. கார் லோன் முடியப்போறவங்க, கடைசி டியூ கட்டின நாளை முடிஞ்ச நாளா நினைக்காதீங்க. பெரும்பாலும் என்.ஓ.சி.க்கும் ஒரு காலக்கெடு இருக்கும்.

இன்னொரு சின்ன வேலையும் தரேன். இந்த வாரம் வீட்டில் அப்பாவையோ பெரியப்பாவையோ கேளுங்க, முதல் வண்டி எப்படி வாங்கினீங்க, எத்தனை டியூ, யார் ஜாமீன் போட்டாங்கன்னு. அந்தப் பதிலை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லதா வந்தா ஒரு எபிசோடே போடலாம்.

இன்னைக்கு சாயங்காலம் அந்தக் கார்ல முடிச்சூர் போறேன். சாரையும் டீச்சரம்மாவையும் கூட்டிட்டு ஒரு ரவுண்டு. அடுத்த வாரம் சந்திப்போம்.